கையுறை வியாபாரியின் செம்மண்

2001 மார்ச்சில் தெற்கு பிரான்ஸின் அனியான் என்ற ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். மொன்பெலியே நகரத்திலிருந்து காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். சாலை, குடிநீர் என்ற வழக்கமான பேச்சையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு அந்தத் தேர்தலில் ஒரே ஒரு விவகாரம் ஊரைப் பிடித்து ஆட்டியது. அர்புசாஸ் குன்றில் இருக்கும் ஊர்ப் பொதுக்காட்டில் சுமார் 50 ஹெக்டேரை அமெரிக்க ஒயின் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாம் என்று நின்ற சோஷலிஸ்ட் மேயர் ஆந்த்ரே ரூயிஸ் தோற்றார். கூடாது என்று நின்ற கம்யூனிஸ்ட் மனுவேல் தியாஸ் ஜெயித்தார். அடுத்த இரண்டு மாதத்தில் ராபர்ட் மொண்டாவி நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குத் திரும்பியது.

அமெரிக்க முதலாளியை விரட்டிய அந்தப் போராட்டத்தில் உரக்கக் கேட்ட குரல்களில் ஒன்று எமே கிபேருடையது. அவரும் ஒரு முதலாளிதான். அதோடு அனியானுக்கு வெளியூர்க்காரர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரும் அதே மாதிரி ஒரு புதர்க்காட்டைத் திருத்தித்தான் கொடி நட்டிருந்தார். உலகின் ஒயின் வட்டாரங்களில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படும் 'மாஸ் தெ தோமாஸ் கசாக்' அந்த நிலத்தில் விளைவதுதான். தெற்கு பிரான்ஸின் சிறு குடும்பத் தோட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முரணைத் தவிர்த்துவிட்டு அழகான கதை மட்டும் சொல்வார்கள். முரணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது விளங்கும்.

மீயோவிலிருந்து வந்தவர்

கிபேர் குடும்பத்தின் தொழில் தோல். லார்சாக் மேட்டுநிலத்தின் ஓரத்தில் இருக்கும் மீயோ நகரம் கையுறைக்குப் பேர்போனது. அந்த மேட்டுநிலத்தில் மேயும் ஆடுகளின் பால் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் போகும். குட்டிகளின் தோல் மீயோவுக்கு வந்து கையுறையாகும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கையுறை அணியும் நாகரிகம் தேய்ந்தது, மலிவான இறக்குமதியும் வந்தது. தொழில் சாய்ந்தது. 1970களின் தொடக்கத்தில் எமேயும் அவர் மனைவி வெரோனிக்கும் அனியானுக்கு அருகே கசாக் ஓடையோரம் ஒரு பழைய கல்வீட்டையும் அதைச் சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கினார்கள். தெற்கத்திக்காரர்கள் இத்தகைய பண்ணைவீட்டை 'மாஸ்' என்பார்கள். விற்றது தோமாஸ் குடும்பம். விற்றவர் பெயரும் ஓடையின் பெயரும் சேர்ந்து தோட்டத்தின் பெயராயின.

வாங்கும்போது அவர்கள் மனதில் ஒயின் இல்லை. இருக்க இடம் வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் விவசாயம் வேண்டும், அவ்வளவே. திருப்பம் ஒரு நண்பர் வடிவில் வந்தது. பொர்தோ பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த ஆன்றி ஆன்ஜால்பேர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். புதர்களுக்கு அடியில் கிடந்தது ஆழமான செம்மண். பனியூழிக் காலங்களில் பொடியாகி வந்து படிந்த மண் அது என்றார். தண்ணீர் தேங்காமல் இறங்கும். சத்து குறைவு. ஆகவே வேர் கீழே கீழே போயாக வேண்டும். நெல்லுக்கும் வாழைக்கும் நாம் தேடுகிற கொழுத்த மண் ஒயின் திராட்சைக்கு ஆகாது. கொடி கொஞ்சம் பட்டினி கிடந்தால்தான் காய் சிறுத்து, தோல் தடித்து, சாறு திடமாக இருக்கும். இதற்கு மேல் இரவுக் குளிர் வேறு. பகலில் மத்தியதரைக்கடல் வெயில் காய்கிறது. பொழுது சாய்ந்ததும் லார்சாக் மேட்டிலிருந்து குளிர்காற்று பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. பழம் அவசரப்படாமல் பழுக்கிறது.

இங்கே உயர்தரமான ஒயின் விளையும், ஆனால் உலகம் அதை ஒப்புக்கொள்ள 200 ஆண்டுகள் ஆனாலும் ஆகலாம் என்று பேராசிரியர் எச்சரித்ததாகக் குடும்பத்தார் சொல்வதுண்டு. யாராக இருந்தாலும் அதைக் கேட்டதும் ஆலிவ் மரம் நட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

கிபேர் கபெர்னே சொவிஞோன் நட்டார். அது பொர்தோவின் ரகம். தெற்கே அன்று கரிஞான், கிரெனாஷ், அரமோன் என்றுதான் நிலம் நிறைந்திருந்தது. நாற்றுப் பண்ணைகள் விற்கும் ஒரே தாயின் நகல்களை அவர் வாங்கவில்லை. பழைய பொர்தோ கொடிகளிலிருந்து வெட்டிய பலவகைக் குச்சிகளைத் தேடிக் கொண்டுவந்தார். காட்டை ஒரேயடியாக மழிக்கவும் இல்லை. அங்கங்கே சிறு சிறு துண்டுகளாகத் திருத்தி, நடுவில் காட்டை விட்டுவைத்தார். தைம், ரோஸ்மேரி, பிரிஞ்சி, காட்டு லாவண்டர் மண்டிய அந்தப் புதர்க்காட்டைத் தெற்கில் 'காரிக்' என்கிறார்கள். இன்று வானத்திலிருந்து பார்த்தால் பச்சைக் காட்டுக்குள் ஆங்காங்கே வெட்டிவிட்ட சன்னல்களாகத் தெரியும் அந்தத் தோட்டம். பூச்சிக்கு எதிரிப் பூச்சி காட்டிலிருந்தே வருகிறது. களைக்கொல்லியும் ரசாயன உரமும் வேண்டாம் என்பது தொடக்கத்திலிருந்தே குடும்பத்தின் கொள்கை. இயற்கை விவசாயம் என்பது பாட்டிலில் ஒட்டி விற்கும் சொல்லாக மாறுவதற்கு வெகுகாலம் முன்பே.

தொலைபேசியில் ஒரு குரு

மண் கிடைத்துவிட்டது. ஒயின் வடிக்கத் தெரியாதே! அதற்கும் பொர்தோவைத்தான் நாடினார்கள். எமில் பெய்னோ (1912–2004) நவீன ஒயின் அறிவியலின் பிதாமகர்களில் ஒருவர். பெரிய பெரிய கோட்டைத் தோட்டங்களெல்லாம் அவர் சொல்லுக்குக் காத்திருந்த காலம். ஏற்கெனவே பெயர் எடுத்த தோட்டங்களுக்கே ஆலோசனை சொல்லிப் பழகியவருக்கு, பெயரே இல்லாத ஒன்று கண்ணெதிரே பிறப்பதைப் பார்க்கும் ஆசை வந்தது. 1978-இல் முதல் ஒயின் வடித்தபோது அவர்தான் வழிகாட்டி. பெரும்பாலும் தொலைபேசி வழியாகத்தான் அந்த வழிகாட்டல்.

நிலவறை ரோமானியர் காலத்து நீராலை ஒன்றின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. தரைக்கு அடியில் குளிர்ந்த ஊற்றுநீர் ஓடுகிறது. குளிர்சாதன இயந்திரம் செய்யும் வேலையை அந்த ஊற்று பார்த்துக்கொள்கிறது. நொதிக்கும்போது சாறு சூடேறும். சூடு மிஞ்சினால் மணம் ஆவியாகிவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. பழம் கையால் பறிக்கப்படுகிறது. சிவப்பு ஒயின் ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டை ஒட்டி உறங்குகிறது. அந்தப் பீப்பாய்களில் புதியவை சிறு பங்குதான். புது ஓக் வனிலாவும் புகையும் தரும். அதிகமானால் எந்த ஊர் ஒயினும் ஒரே மாதிரி ஆகிவிடும். பாட்டிலில் ஏறக்குறைய முக்கால் பங்கு கபெர்னே. மீதிக்குள் ஒரு சிறிய ஐ.நா. சபையே இருக்கிறது: தென்மேற்கு பிரான்ஸின் தன்னா, இத்தாலியின் நெபியோலோ, ஸ்பெயினின் தெம்ப்ரனியோ, ஜார்ஜியாவின் சபெராவி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

இளம் வயதில் இந்த ஒயின் முறைப்பாக இருக்கும். துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். ஏழெட்டு ஆண்டு பொறுத்தவர்களுக்குக் கறுப்புப் பழங்களும் காட்டு மூலிகையும் தோலும் கலந்த மணம் கிடைக்கும். தெற்கத்தி ஒயின் என்றதும் எதிர்பார்க்கும் ஜாம் போன்ற கொழுத்த இனிப்பு இதில் இராது. வெள்ளை ஒயின் 1986-இல் தொடங்கியது. வியோஞியே, ஷார்தொனே, பெத்தி மான்சாங் கலந்த அது சிவப்புக்கு நேர் எதிர் சுபாவம். வாதுமைப் பழமணத்தோடு வாசலிலேயே வரவேற்கும். என்னைக் கேட்டால் குடும்பத்தின் குணம் சிவப்பில்தான் இருக்கிறது.

முதல் சில ஆண்டுகள் வாங்க ஆள் இல்லை. 1982-இல் பாரிஸின் கோ-மியோ உணவு இதழ் இதைப் பொர்தோவின் பெருந்தோட்டமான லஃபீத்தோடு ஒப்பிட்டு எழுதியபோது காற்று மாறியது. பேராசிரியர் சொன்ன 200 ஆண்டு, நான்கே அறுவடையாகச் சுருங்கிவிட்டது.

சட்டத்துக்குள் இடமில்லை

இத்தனை புகழுக்கு நடுவே லேபிளில் அச்சிட்டிருந்தது 'எரோ மாவட்டத்து வட்டார ஒயின்' என்று மட்டும்தான். பிரெஞ்சு ஒயின் ஏணியில் அது கீழ்ப்படிகளில் ஒன்று. 1935-இல் பிரான்ஸ் ஏஓசி என்ற ஊர்ப்பெயர் முத்திரையைக் கொண்டுவந்தது. எந்த எல்லைக்குள், எந்த ரகம், ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், எப்படிக் கவாத்து என்று எல்லாம் அதில் அடக்கம். லாங்குதொக் வட்டாரத்து முத்திரை விதிகளில் கபெர்னேக்கு இடமில்லை. கிபேர் தன் கொடியைப் பிடுங்கவும் இல்லை, முத்திரைக்குக் கெஞ்சவும் இல்லை.

இதே போன்ற கதை கிழக்கே புரோவான்ஸில் இன்னும் கசப்பாக நடந்தது. லெ போ ஊருக்கு அருகே, சுண்ணாம்புப் பாறையை வெடி வைத்து உடைத்து எலுவா துர்பாக் உருவாக்கிய தோட்டம் திரேவல்லோன். அவர் சிராவையும் கபெர்னேயையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்தார். உலகம் மெச்சியது. 1990களின் நடுவில் லெ போவுக்குத் தனி முத்திரை வந்தது. கபெர்னே 20 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது விதி. அந்த வட்டாரத்தின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனவரே அந்த வட்டாரத்தின் பெயரைப் போட முடியாமல் போனது. அவர் ரகத்தை மாற்றவில்லை. கீழ்ப்படியிலேயே விற்றார், விலையைக் குறைக்காமல்.

விதிகள் எல்லாமே முட்டாள்தனம் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தப்பு. கடலோரத்து பந்தோலில் தொமேன் தாம்பியே தோட்டத்தின் லுசியன் பெய்ரோ, அழிந்துகொண்டிருந்த முர்வேத்ர் ரகத்தை மீட்டது விதியின் துணையோடுதான். 1941-இல் பந்தோல் முத்திரை பெற்றது; அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் முர்வேத்ர் பங்கு படிப்படியாக உயர்ந்து பாதியாவது இருக்க வேண்டும் என்றானது. அந்த வற்புறுத்தல் இல்லாவிட்டால், விளைச்சல் குறைவான அந்த ரகத்தை அண்டைவீட்டார் யார் நட்டிருப்பார்கள்? தோட்டம் அவர் மனைவி லூலூவுக்குப் பிறந்தவீடு தந்த சொத்து. ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, தோட்டத்து விருந்துகளால் அமெரிக்கா வரை புகழ்பெற்ற அந்த அம்மையார் 2020-இல் 102 வயதில் காலமானார்.

காட்டுக்கு வந்த விலை

மொண்டாவி கதைக்கு வருவோம். நாப்பா பள்ளத்தாக்கை உலக வரைபடத்தில் வைத்தவர் ராபர்ட் மொண்டாவி. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மகன். அவர் அனியான் குன்றைத் தேர்ந்தெடுத்ததே கிபேர் கண்டுபிடித்த மண்ணின் புகழால்தான் என்று சொன்னால் மிகையில்லை. சிரா நட்டு, பெரிய நிலவறை கட்டி, உலகத்தரத்தில் ஒயின் செய்வது திட்டம். வேலை வரும், பெயர் வரும் என்றார் மேயர். காட்டுப்பன்றி வேட்டைக்காரர்களும் சூழலியலாளர்களும், ஊர்ப் பொதுச்சொத்து தனியாருக்குப் போகக்கூடாது என்றவர்களும் கூடி எதிர்த்தார்கள். ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டமோ தெரியாது, பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஜோனத்தன் நொசிட்டர் 2004-இல் எடுத்த 'மொண்டோவினோ' ஆவணப்படம் கிபேரை உலகமயத்துக்கு எதிரான கிழச்சிங்கமாகக் காட்டியது. கான் திரைவிழாவின் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்லவன், கெட்டவன் என்று அவ்வளவு சுளுவாகப் பிரித்துவிட முடியுமா? மொண்டாவியும் குடும்பத் தொழில்தான். தம்பி பீட்டரோடு 1965-இல் கைகலப்பு வரை போய், குடும்பத் தோட்டத்திலிருந்து வெளியேறி, 1966-இல் தன் பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. வளர்வதற்குக் காசு வேண்டி 1993-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். அனியானில் தோற்ற மூன்றாவது ஆண்டில், 2004-இல், கான்ஸ்டலேஷன் என்ற பெருநிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை விழுங்கியது. கிபேர் குடும்பம் பங்கு விற்கவில்லை; தோட்டத்தை ஐம்பது ஹெக்டேரைச் சுற்றியே நிறுத்திக்கொண்டது. இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அதுதான். அமெரிக்கரா, பிரெஞ்சுக்காரரா என்பது இரண்டாம்பட்சம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிபேரால் காத்திருக்க முடிந்தது. முதல் ஒயின் விற்காமல் கிடந்த ஆண்டுகளிலும் அடுப்பு எரிந்தது. பேராசிரியரை வீட்டுக்கு அழைக்கவும் பெய்னோவோடு பேசவும் வேண்டிய பழக்கவழக்கம் இருந்தது. அண்டை ஊர்களில் நாலு ஹெக்டேர் வைத்துக்கொண்டு, பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் எடைபோட்டு வந்தவருக்கு அதில் எது இருந்தது? அவர்களுடையதும் குடும்பத் தோட்டம்தான். அவர்கள் பெயரில் பாட்டில் இல்லை, அவ்வளவே.

நூறு ஆண்டுக் கோபம்

அந்தக் குடும்பங்களின் வரலாறு லாங்குதொக்கின் வரலாறு. 1860களில் ரோன் நதியோரம் தொடங்கிய ஃபிலாக்சிரா பூச்சி பிரான்ஸின் கொடிகளை வேரோடு தின்றது. மொன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோன் 1868-இல் வேரில் அந்தப் பூச்சியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். ஒட்டுக்கட்டிய கொடிகள் மலைச்சரிவை விட்டுச் சமவெளிக்கு இறங்கின. அரமோன் ரகம் ஹெக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டர் தாண்டிக் கொட்டியது. நிறமும் இல்லை, சாரமும் இல்லை. தொழிற்சாலை ஊழியர்களின் தாகத்துக்கு ரயிலேறிப் போன சிவப்புத் தண்ணீர் அது. சர்க்கரை கலந்த போலி ஒயினும் அல்ஜீரிய ஒயினும் போட்டிக்கு வர, விலை பாதாளத்துக்குப் போயிற்று.

1907-இல் வெடித்தது. ஆர்ஜலியே கிராமத்தில் காபிக்கடை வைத்திருந்த மார்சலின் அல்பேர் தலைமையில் மார்ச் மாதம் 87 பேர் நார்போன் நகருக்கு நடந்தார்கள். ஜூன் 9 அன்று மொன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்திருந்த 17ஆம் காலாட்படை ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்தது. பிரதமர் கிளெமான்சோ, தன்னைப் பார்க்க வந்த அல்பேரிடம் ஊர் திரும்ப 100 ஃபிராங்க் கொடுத்து, அதைப் பத்திரிகைகளுக்கும் சொல்லிவிட்டார். காசு வாங்கியவன் என்ற பழி அல்பேரைச் சாகும்வரை விடவில்லை. ஒரு தலைவனை ஒழிக்க இவ்வளவு மலிவான வழியை எந்த அரசும் கண்டுபிடித்ததில்லை. போராட்டத்துக்குப் பலன் இருந்தது. ஜூன் முடிவதற்குள் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1976-இல் மோந்ரெதோனில் மறுபடி துப்பாக்கி பேசியது. அன்று ஒரு விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் இறந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தது 1960களில். இன்று அதில் பாதிகூட இல்லை. லாங்குதொக்கின் கொடிப் பரப்பும் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பிடுங்கினால் பணம் என்று ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1990களில் கிபேர் குடும்பம் வில்வெராக் கூட்டுறவுச் சங்கத்தோடு கைகோத்து, பிடுங்கவிருந்த பழைய கொடிகளின் பழத்தை வாங்கி 'மூலேன் தெ கசாக்' என்ற விலை குறைந்த ஒயினை வெளியிட்டது. மொண்டாவியை எதிர்த்ததைவிட இதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன். இதற்கு எந்தத் திரைவிழாவிலும் கைதட்டல் கிடைக்கவில்லை.

இப்போது

எமே கிபேர் 2016-இல் மறைந்தார். தோட்டம் பிள்ளைகள் கையில். லேபிளில் இப்போது 'சேன் கியெம் லெ தெசேர் – சித்தே தனியான்' என்ற வட்டாரக் குறியீடு இருக்கிறது. சிவப்பு பாட்டில் 40 யூரோவைத் தாண்டும். அனியானில் இன்னொரு சிறு தோட்டமும் புகழ்பெற்றுவிட்டது: உடலியக்கச் சிகிச்சை நிபுணராக இருந்து ஒயினுக்கு வந்த லொரான் வையே 1992-இல் தொடங்கிய க்ராஞ்ஜ் தே பேர். அவர் திரேவல்லோனில் வேலை கற்றவர். 2021-இல் காலமானார்.

சுற்றுவட்டாரத்தின் நிலைமை வேறு. 2019 ஜூன் 28 அன்று அதே எரோ மாவட்டத்தின் வெரார்கில் 46 டிகிரி வெப்பம் பதிவானது. பிரான்ஸ் அதுவரை கண்டிராத சூடு. ஒரே பிற்பகலில் இலையும் பிஞ்சும் கருகின. 2021 ஏப்ரலில் உறைபனி துளிரைக் கொன்றது. 2025 ஆகஸ்டில் பக்கத்து ஓத் மாவட்டத்தின் கொர்பியேர் பகுதியில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. கவனித்துப் பராமரித்த கொடித்தோட்டங்கள் இருந்த இடங்களில் தீ தடைபட்டது. கைவிட்ட நிலங்கள் வழியாகப் பாய்ந்தது. அப்படியிருந்தும், கொடியை நிரந்தரமாகப் பிடுங்குகிறவர்களுக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ தரும் திட்டத்தை அரசு அதற்குச் சற்று முன்புதான் நடத்தியிருந்தது. நிறைய பேர் எழுதிக்கொடுத்தார்கள். அவர்களுக்குக் காத்திருக்கக் கையுறைக் காசு இல்லை.

மது விளம்பரத்துக்குப் பிரான்ஸில் 1991 முதல் கெடுபிடியான சட்டம் உண்டு. உடல்நல எச்சரிக்கை இல்லாமல் அங்கே ஒயின் விளம்பரம் செய்ய முடியாது. நமக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பிரான்ஸில் இருக்கும், அல்லது அங்கே போகும் வாசகர்கள் எப்படியும் ஒரு பாட்டில் வாங்குவதாக இருந்தால், முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, எங்கே பாட்டிலில் அடைத்தார்கள் என்று சொல்லும் சிறிய வரியைப் படியுங்கள். 'தொமேன்' அல்லது 'புரோபிரியெத்தே' என்று இருந்தால் விளைவித்தவர்களே அடைத்தது. இரண்டாவது சொல்லைக் கூட்டுறவுச் சங்கங்களும் சட்டப்படி போட்டுக்கொள்ளலாம் என்பதால் தயங்க வேண்டாம். அந்தச் சங்கத்து பாட்டில்களில் பல பத்து யூரோவுக்குள் கிடைக்கும். அந்தக் காசும் ஏதோ சில குடும்பங்களுக்குத்தான் போகிறது.